ஊஞ்சல் கிரீச்சிட்டால் முதலில் கொக்கியைப் பாருங்கள்

மழைக்காலம் முடிந்ததும் எங்கள் வெல்டிங் பட்டறைக்கு இப்படி நிறைய போன் வரும்: "மொட்டை மாடி ஊஞ்சல் கிரீச் கிரீச்சென்கிறது, வந்து எண்ணெய் போட்டுக் கொடுங்கள்." எண்ணெயை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆனால் இரும்பும் இரும்பும் உரசித் தேய்வதால்தான் பெரும்பாலும் அந்தச் சத்தம் வருகிறது. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் சத்தத்தை மட்டும் அடக்குவது ஆபத்து.

பலகைக்கு அடியில் ஸ்டூல் முட்டுக் கொடுத்து, சங்கிலியைக் கழற்றுங்கள். கொக்கியின் உள்வளைவைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். வளையம் உட்காரும் இடத்தில் பளபளவென்று ஒரு பள்ளம் தெரியலாம். சுற்றிலும் பெயிண்டோடு கனமாக இருக்கும் கம்பி அந்த ஓரிடத்தில் மட்டும் மெலிந்திருக்கும். கீழே நின்று பார்த்தால் இது கண்ணிலேயே படாது. 10 மி.மீ. கம்பி 9 ஆகியிருந்தாலே மாற்றிவிடச் சொல்வேன். கொக்கியின் வாய் விரிந்திருந்தாலும் அப்படித்தான்.

60 டிகிரி வரை வீசி ஆடினால், ஊஞ்சல் கீழே வரும் நொடியில் கொக்கிகள் தாங்கும் பாரம் ஆள் எடையைப்போல இரண்டு மடங்கு. பிள்ளைகள் அப்படித்தான் ஆடுவார்கள். ஃபேன் கொக்கியில் ஊஞ்சல் மாட்டியிருந்தால் இன்றே இறக்கிவிடுங்கள்.

தேய்மானம் இல்லையா, சரி. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துடைத்து, உரசும் இடத்தில் கிரீஸ் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசியை இழுத்துப் பிசினாகிவிடும். டபிள்யூடி-40 ஸ்ப்ரே துருவை இளக்க நல்லது, ஆனால் வெயிலிலும் மழையிலும் நீடிக்காது. அதற்கு மேல் கிரீஸ் வேண்டும். பேரிங் வைத்த ஊஞ்சல் கரகரவென்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கலாம், புதிது மாற்றுவதே மேல்.

இரும்பு நாற்காலிகள் கிரீச்சிட்டால், பெரும்பாலும் போல்ட்டுதான் தளர்ந்திருக்கும். நைலான் வாஷர் போட்டு முடுக்கினால் போதும். அப்புறம், நாற்காலிக் கால்களின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் தேங்கி, குழாய் உள்ளிருந்தே அரிக்கும் இடம் அது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஸ்க்ரூடிரைவரால் அழுத்தும்போது தகடு உள்ளே போனால், மேலே ஒட்டுப் போட்டுப் பயனில்லை. அரித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் குழாய் வைத்துத்தான் வெல்டிங் செய்ய வேண்டும்.