ஒரே லென்ஸ், 36 படம்: ஒளிப்படம் கற்க நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடுகள்

கேமரா வாங்கி ஓராண்டு ஆனதும் பலருக்கும் ஒரு தேக்கம் வருகிறது. படம் கூர்மையாக இருக்கிறது, நிறமும் சரிதான். ஆனால் ஆறு மாதத்துக்கு முன் எடுத்ததற்கும் இன்று எடுத்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. உடனே அடுத்த லென்ஸுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பயிற்சிக்கு வருபவர்களிடம் நாங்கள் முதலில் சொல்வது இதுதான்: ஆறு வாரத்துக்கு எதையும் வாங்காதீர்கள். கையில் இருப்பதில் ஒன்றை எடுத்து ஓரமாக வையுங்கள்.

"தினம் ஒரு நல்ல படம்" என்று தொடங்குபவர்கள் பெரும்பாலும் மூன்றாவது வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு நினைவு வந்து, மேசை மேல் இருக்கும் காபி டம்ளரை அவசரமாக ஒரு கிளிக் எடுத்துக் கணக்குத் தீர்ப்பதில் கண்ணுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. "நல்ல" என்பதை யார் அளப்பது? சவாலுக்கு ஓர் எண்ணிக்கை வேண்டும், முடியும் தேதி வேண்டும். விதியைக் காப்பாற்றினீர்களா என்று படங்களைப் பார்த்தே இன்னொருவர் சொல்லிவிட முடிய வேண்டும்.

எண்ணிக்கைக்கு நாங்கள் வைப்பது 36. பழைய 35 மி.மீ. ஃபிலிம் ரோலில் அவ்வளவுதான் கிடைக்கும். டிஜிட்டலில் இதைக் காப்பாற்ற எளிய வழி: முதல் படத்தின் கோப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 0412 என்றால் 0447-இல் நிறுத்த வேண்டும். நடுவில் எதையும் அழிக்கக் கூடாது. அழித்தால் எண் வரிசையில் ஓட்டை விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். எடுத்தவுடன் திரையில் படம் வரும் வசதியையும் மெனுவில் அணைத்துவிடுங்கள். குனிந்து திரையைப் பார்க்கும் இரண்டு விநாடியில்தான் எதிரே இருப்பவர் சிரித்து முடித்திருப்பார்.

அடுத்தது லென்ஸ். 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஜூம் வளையத்தை 35-இல் நிறுத்தி, பேப்பர் டேப்பால் ஒரு சுற்று ஒட்டிவிடலாம். கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம், நம் வெயிலில் பசை இளகி வளையத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சாரில் 35 மி.மீ. என்பது ஃபுல் ஃப்ரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சாரில்) ஏறக்குறைய 50 மி.மீ. கோணம். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்த பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியர் பிரஸ்ஸான் தன் வாழ்நாள் வேலையில் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸால்தான் செய்தார். கைபேசிக்காரர்கள் 1எக்ஸ் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜூம் இல்லையென்றால் கால்தான் நகர வேண்டும். கால் நகர்ந்தால் படமே மாறிவிடும்: பூக்காரம்மாவை நோக்கி இரண்டு அடி முன்னே போனால் அவர் முகம் பெரிதாகும், பின்னால் இருக்கும் கோபுரம் ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். ஜூம் செய்தால் முகம், கோபுரம் இரண்டும் ஒரே விகிதத்தில் பெருக்கும். இந்த வித்தியாசம் விரலுக்குத் தெரியாது, நடந்தால்தான் தெரியும்.

வெளிச்சத்துக்கு நாங்கள் மிகவும் நம்பும் சவால் ஒரு முட்டை. வெள்ளை ஓடு உள்ளது. நேர் வெயில் விழாத ஜன்னல் ஒன்று, கறுப்புத் துணி ஒன்று, வெள்ளை சார்ட் பேப்பர் ஒன்று. முதலில் ட்யூப்லைட்டை அணையுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் முட்டையின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் தெரியும், பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் நிறுத்துங்கள்.

முதல் 12 படத்தில் முட்டை மட்டும் நகரட்டும். ஜன்னலிலிருந்து ஒரு அடி, மூன்று அடி, ஆறு அடி. ஒரு அடியில் முட்டைக்கு ஜன்னல் மிகப் பெரியது, அதனால் நிழலின் விளிம்பு பஞ்சு போலக் கரையும். பின்சுவருக்குப் போகும் வெளிச்சம் ஒப்பிட்டால் மிகக் குறைவு, சுவர் இருண்டுபோகும். தள்ளத் தள்ள விளிம்பு இறுகும், சுவர் வெளிச்சமாகும். அடுத்த 12-இல் முட்டையை விட்டுவிட்டு நீங்கள் சுற்றி வாருங்கள். ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் முட்டை தட்டையான வட்டம். பக்கவாட்டில் இருந்தால்தான் உருண்டை. கடைசி 12-இல் நிழல் பக்கத்தில் சார்ட் பேப்பரைப் பிடித்து, அரை அடி, ஒரு அடி, இரண்டு அடி என்று விலக்கிப் பாருங்கள். பேப்பருக்குப் பதில் கறுப்புத் துணியைப் பிடித்தால் நிழல் இன்னும் ஆழமாகும், இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

இங்கேயே இன்னொரு பாடமும் கிடைக்கிறது. ஃப்ரேம் முழுக்க முட்டை நிறைந்தால் அது மங்கிய சாம்பலாக வரும். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுவது கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் இயல்பு. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வைக்க வேண்டும். கறுப்புத் துணி நடுவே சிறிதாக முட்டை இருந்தால் நேர்மாறு: கேமரா வெளிச்சத்தைக் கூட்டி ஓட்டின் சொரசொரப்பை அழித்துவிடும். அப்போது -1. வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் மாப்பிள்ளைக்கும், இருண்ட மண்டபத்தில் எண்ணெய் பூசிய கருங்கல் சிலைக்கும் இதே கணக்குதான். முட்டையோடு 36 படம் முடித்தவர் மணப்பெண்ணை ஜன்னலிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்கார வைப்பது என்று யாரையும் கேட்க மாட்டார்.

ஷட்டர் வேகத்துக்கு ஓடும் டவுன் பஸ். நடைபாதையில் 15, 20 அடி தள்ளி நில்லுங்கள். ஷட்டர் முன்னுரிமை (வேகத்தை மட்டும் நீங்கள் வைக்கும் முறை), ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, நகரும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ். 1/125, 1/60, 1/30, 1/15 விநாடி என நான்கு வேகம், ஒவ்வொன்றிலும் 9 படம். கால்களை ஊன்றி, பஸ்ஸைக் கேமராவால் தொடர்ந்தபடி இடுப்பிலிருந்து திரும்புங்கள். கிளிக் செய்த பிறகும் திருப்பத்தை நிறுத்தாதீர்கள். பெரும்பாலான தோல்வி அங்கேதான், பட்டனை அழுத்தும் நொடியில் கை நின்றுவிடுகிறது. 1/125-இல் பஸ் நின்றிருப்பது போலத் தெரியும். 1/15-இல் எல்லாமே கலையும். நடுவில் ஏதோ ஒரு வேகத்தில் போர்டு எழுத்து படிக்கும்படி நின்று, பின்னால் கடைகள் கோடாக இழுபடும். மூன்று படம் அப்படித் தேறினால் நல்ல விளைச்சல். மதிய வெயிலில் முயல வேண்டாம்: ஐஎஸ்ஓ 100-இல் 1/30 வைத்து, அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) எஃப் 22 வரை மூடினாலும் ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சம் மிஞ்சிப் படம் வெளுத்துவிடும். மாலை ஐந்தரைக்கு மேல், அல்லது மேகமூட்டம். பெரும்பாலான கைபேசிகளில் அப்பர்ச்சரை மூடவே முடியாது என்பதால் பொழுது சாய்ந்த பிறகுதான்.

ஒரு எச்சரிக்கை. சவால் என்ற பெயரில் சாலையில் இறங்கி நிற்பதும், தண்டவாளத்தில் நின்று ரயிலை எடுப்பதும் வேண்டவே வேண்டாம். தூரத்தை அருகே காட்டும் டெலி லென்ஸ் மாட்டிய கேமராவின் ஆப்டிகல் வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துளை) வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள், விழித்திரை கருகும். தெருவில் குழந்தைகளை எடுக்குமுன் கூட இருப்பவரிடம் கேளுங்கள்.

உச்சி வெயிலைப் பலர் ஒதுக்குகிறார்கள். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், கண்குழியில் கறுப்பு விழும். ஆனாலும் 12 முதல் 1 மணி வரை மட்டும் என்று ஒரு வாரம் விதி வையுங்கள். திண்ணை, தாழ்வாரம், எதிர் வீட்டு வெள்ளைச் சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

எடுத்த அன்றே படங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு வாரம் போகட்டும். எடுக்கும்போது பட்ட சிரமம் மறந்தால்தான் படம் மட்டும் தெரியும். முதலில் 36-ஐயும் தபால்தலை அளவில் ஒரே திரையில் பாருங்கள். அந்த அளவிலும் நிற்கும் படத்துக்கு அமைப்பு சரியாக இருக்கிறது. ஆறு படத்தை ஸ்டூடியோவில் 4×6 பிரிண்ட் போட்டு, பின்னால் தேதி, விதி, ஷட்டர், அப்பர்ச்சர் எழுதுங்கள். லைக் எண்ணிக்கையை இதில் சேர்க்க வேண்டாம். விடுபட்ட 30 படத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரே குறை அங்கே இருக்கும். தலைக்கு மேல் வெற்றிடமா, பின்னணியில் எப்போதும் ஒரு மின்கம்பமா, எல்லாமே நின்ற உயரத்திலிருந்து எடுத்ததா என்று பாருங்கள். உயரம்தான் குறை என்றால் அடுத்த வார விதி தயார்: 36 படமும் முழங்காலுக்குக் கீழேயிருந்து.