சைட்டோடாக்சிக்: உயிரணு நச்சு

புற்றுநோய்ப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிகளில், மருந்து கலக்கும் அறையிலும் மஞ்சள் கழிவுப் பையிலும் 'சைட்டோடாக்சிக்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்க்கலாம். நோயாளிக்கும் வீட்டாருக்கும் இந்தச் சொல் தேவைப்படுவதில்லை. அவர்களுக்கு எல்லாமே 'கீமோ'தான்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'கைட்டோஸ்' என்றால் உள்ளீடற்ற பாத்திரம். பின்னாளில் உயிரியலாளர்கள் அதை உயிரணுவுக்கு எடுத்துக்கொண்டார்கள். 'டாக்சிக்' வந்த வழி இன்னும் சுவையானது. 'டாக்சான்' என்பது வில். அம்பு முனையில் தடவும் நஞ்சுக்கு 'டாக்சிகான் ஃபார்மகான்' என்று பெயர். நாளடைவில் வில் மறைந்து நஞ்சு மட்டும் மிஞ்சியது. 'ஃபார்மகான்' என்பதற்கோ மருந்து, நஞ்சு இரண்டுமே பொருள். ஃபார்மசி பிறந்தது அதிலிருந்துதான்.

சரி, பொருள் என்ன? உயிரணுவைக் கொல்வது, அல்லது சிதைப்பது. யாருடைய உயிரணு என்பதைச் சொல் சொல்வதில்லை, மருந்தும் பார்ப்பதில்லை. வேகமாகப் பிரிந்து பெருகும் உயிரணு எதுவானாலும் அடி விழும். நோயாளிக்கு முடி கொட்டுவது அதனால்தான். அவருக்காவது அந்தச் சேதத்துக்கு ஈடாக ஒரு பலன் இருக்கிறது. கலக்கிக் கொடுக்கும் மருந்தாளுநர் மேல் பட்டால் அவருக்குப் பலன் ஒன்றும் இல்லை, சேதம் மட்டும்தான்.

இந்தக் கவலை வலுத்தது 1979இல். இம்மருந்துகளைக் கையாண்ட நர்சுகளின் சிறுநீரில் மரபணுவை மாற்றும் தன்மை கூடியிருப்பதாகப் பின்லாந்து ஆய்வாளர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். அன்று பல இடங்களில் மருந்து கலந்த மேசையில் காற்று பின்பக்கமிருந்து மருந்தின் மேல் பட்டு, நேரே கலக்குபவர் முகத்துக்கு வரும். கிருமி படாமல் மருந்தைக் காக்கச் செய்த மேசை அது; ஆளைக் காக்க அல்ல. அப்புறம்தான் காற்று மேலிருந்து கீழிறங்கி வடிகட்டி வழியே போகும் பாதுகாப்புப் பெட்டிகள் இந்த வேலைக்கு வந்தன.

பெட்டி இருந்தாலும் கைப்பழக்கம் முக்கியம். பொடி உள்ள குப்பியில் திரவத்தை ஒரேயடியாகச் செலுத்தினால் உள்ளே அழுத்தம் ஏறும். ஊசியை உருவும்போது ரப்பர் மூடி வழியே கண்ணுக்குத் தெரியாத தூவானம் தெறிக்கும். அதனால் கொஞ்சம் திரவம் விட்டு, அதே அளவு காற்றைச் சிரிஞ்சுக்குள் இழுத்து, மறுபடி கொஞ்சம் விடுவார்கள். இந்த மருந்துகளில் டாக்சோரூபிசின் சிவப்பு, சிந்தினால் காட்டிக்கொடுக்கும். சைக்ளோபாஸ்பமைடுக்கு நிறமே இல்லை. கம்பெனியிலிருந்து வந்த குப்பியின் வெளிப்புறத்திலேயே அதன் படிவைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போதே கையுறை வேண்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும். இந்த மருந்தைச் சிதைக்காது, மேசை முழுக்கப் பரப்பிவிடும்.

தமிழில் என்ன எழுதுவது? 'புற்றுநோய் மருந்து' பொருந்தாது. டிராஸ்டுசுமாப் புற்றுநோய் மருந்துதான், ஆனால் இந்த வகை அல்ல. மெத்தோட்ரெக்சேட் இந்த வகை, ஆனால் முடக்குவாதத்துக்கும் மாத்திரையாகத் தருகிறார்கள். கவுண்டரில் அதை வெறும் விரலால் எண்ணிப் போடுபவரைப் 'புற்றுநோய் மருந்து' என்ற பெயர் எச்சரிக்காது. 'அபாய மருந்து' இன்னும் பெரிய வட்டம். பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு 2004இல் வெளியிட்ட எச்சரிக்கைப் பட்டியலில் சில ஹார்மோன், வைரஸ் மருந்துகளும் உண்டு.

'செல்கொல்லி' பூச்சிக்கொல்லி மாதிரி சட்டென ஒட்டிக்கொள்ளும். ஆனால் நோயாளி காதில் விழ வேண்டிய சொல் அல்ல. இலங்கைப் பாடநூல்கள் செல்லைக் 'கலம்' என்று எழுதும். கைட்டோஸின் பாத்திரப் பொருள் அதில் அப்படியே இருக்கிறது. 'கலநச்சு' எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் மதுரையில் சொன்னால் யாருக்கும் புரியாது. இங்கே 'உயிரணு நச்சு' போதும். மருந்தைக் குறிக்கும்போது 'உயிரணு நச்சு மருந்து'.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி இந்தக் கழிவு மஞ்சள் வகை. எரிப்பதானால் 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரிக்க வேண்டும். பையில் 'சி' என்ற ஆங்கில எழுத்துள்ள குறி இருக்கும். தூக்கிப் போகிற துப்புரவுப் பணியாளருக்கு அந்த எழுத்து எதையும் சொல்லாது. பக்கத்திலேயே 'உயிரணு நச்சு, வெறுங்கையால் தொடாதீர்கள்' என்று ஒரு தாளை ஒட்டிவிடலாம்.