"நிதி இல்லை" என்று அரசு கைவிரிக்கலாமா?

ஐ.நா. பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 54 பிரிவுகள் இருக்கின்றன. வளரும் நாடு ஒன்றில் பிள்ளை வளர்ப்பவர் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால், 4ஆம் பிரிவைப் படிக்கச் சொல்வேன்.

கல்வி, மருத்துவம் போன்ற பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளைக் கையிலுள்ள வளங்களின் உச்ச அளவுவரை பயன்படுத்தி நிறைவேற்ற வேண்டும் என்கிறது அது. தேவைப்பட்டால் பன்னாட்டு ஒத்துழைப்பையும் நாடலாம். ஆக, மற்றச் செலவெல்லாம் போக மிஞ்சியதைக் குழந்தைகளுக்குக் கிள்ளிக் கொடுத்தால் கணக்கு நேராகாது.

கையிலுள்ள வளத்துக்கேற்ப நிறைவேற்றலாம் என்ற இந்தச் சலுகையும் எல்லா உரிமைகளுக்கும் கிடையாது. சித்திரவதையைத் தடுக்க வளம் சேரும்வரை காத்திருக்க முடியாது. பிறப்புப் பதிவும் அப்படித்தான். குழந்தை பிறந்தவுடன் பதிய வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. வெறும் காகிதம்தானே என்று தோன்றும். ஆனால் வயதுக்குச் சான்று இல்லாத சிறுமியைத் திருமண வயது வந்தவள் என்று சாதித்துவிடலாம். பட்டறையில் வேலை செய்யும் சிறுவனுக்கு வயது கூட்டிச் சொல்லலாம். வழக்கில் சிக்கினால் பெரியவர்களோடு சேர்த்து விசாரிக்கப்படும் ஆபத்தும் உண்டு.

வேலைக்கான வயதில் மட்டும் வளரும் நாடுகளுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 138ஆம் உடன்படிக்கை (1973) குறைந்தபட்ச வயதை 15 என்கிறது. பொருளாதாரமும் கல்வி வசதியும் போதிய வளர்ச்சி பெறாத நாடுகள் தொடக்கத்தில் 14 என வைத்துக்கொள்ளலாம். அந்தக் காரணம் இன்னும் நீடிக்கிறதா என்று பின்னர் அறிக்கைகளில் சொல்லியாக வேண்டும். அபாயகரமான வேலைக்கான பொது வரம்பு 18; வளரும் நாடு என்பதற்காக அது இறங்காது.

குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு 2 ஆண்டுகளுக்குள் முதல் அறிக்கையும், பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அடுத்தடுத்த அறிக்கைகளும் தர வேண்டும். 18 வல்லுநர்கள் கொண்ட குழு அவற்றை ஆராய்கிறது. தன்னார்வ அமைப்புகளும் தங்கள் தரப்பை அங்கே எழுதி அனுப்புகின்றன. என் பார்வையில், அரசின் அறிக்கையைவிட அவற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

தனிநபரும் அக்குழுவிடம் முறையிடலாம். அதற்கு உங்கள் நாடு 2014இல் நடைமுறைக்கு வந்த மூன்றாவது கூடுதல் நெறிமுறையை (உடன்படிக்கையோடு இணைந்த தனி ஒப்பந்தம்) ஏற்றிருக்க வேண்டும். பொதுவாக உள்நாட்டு வழிகளையெல்லாம் முயன்று பார்த்த பிறகு, ஓராண்டுக்குள் எழுத்துமூலம் அனுப்ப வேண்டும். பெயரில்லாத மனுவை ஏற்கமாட்டார்கள்.