ஆட்டிசம்: தாய்மாமனிடமிருந்தா, தானாகவா?

மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளையைப் பற்றிப் பாம்பனிலோ மண்டபத்திலோ கீழக்கரையிலோ பேச்செடுத்தால், "அவன் தாய்மாமனும் நாலு வயசுலதான் வாய் திறந்தான்" என்று ஆறுதல் சொல்ல மூத்தவர் ஒருவர் இருப்பார். மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வைப்பதால் அந்த ஆறுதல் ஆபத்தானது. பேச்சு தாமதமாவது, பேசுவதையும் பிறரோடு பழகுவதையும் பாதிக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடான ஆட்டிசத்தின் அறிகுறியாக இருக்கலாம். ஆனாலும் அது குடும்பவழி வரலாம் என்ற அளவில் அந்த ஆறுதலில் பாதி உண்மை உண்டு.

மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசத்தை விவரித்த பின், தாய்க்குப் பாசம் போதாததே காரணம் என்ற கொடுமையான பழி நெடுநாள் நிலவியது. ஆய்வாளர்கள் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 1977இல், ஒருவருக்காவது ஆட்டிசம் இருந்த 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தபோது, ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஐந்து நாடுகளின் பதிவேடுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, ஆட்டிசம் வரும் வாய்ப்பு ஆளுக்காள் வேறுபடுவதில் சுமார் 80 சதவீதம் மரபணு சார்ந்தது என்று கணித்தது.

மரபணு வழியாக ஆட்டிசம் வருவது ஒரே விதமாக அல்ல. குடும்பத்தில் பரவலாக உள்ள, தனித்தனியே மிகச் சிறிய விளைவே தரும் ஏராளமான மரபணு வேறுபாடுகள் ஒரு பிள்ளையிடம் கூடுதலாகச் சேர்வது ஒரு வழி. அவற்றில் சில தாய்மாமனிடமும் இருக்கலாம். பெற்றோர் இருவரிடமும் இல்லாத பிறழ்வு, விந்தணுவிலோ கருமுட்டையிலோ புதிதாகத் தோன்றுவது மற்றொரு வழி. விந்தணுவை உண்டாக்கும் செல்கள் ஆயுள் முழுவதும் பிரிந்துகொண்டே இருப்பதால், தந்தையின் வயது ஏற ஏற இத்தகைய பிறழ்வுகளும் கூடுகின்றன. (எப்போதும் தாயையே குறைசொல்லும் உறவினர்கள் இதைக் கவனிப்பது நல்லது.) அத்தை மகன், மாமன் மகள் திருமணங்களில் ஒரே பழுதான மரபணு இருபுறமிருந்தும் வந்து சேர வாய்ப்பு அதிகம் என்றாலும், சொந்தத்தில் மணம் முடிக்காதவர்களின் பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் வருகிறது.

இந்த மரபணுக்களில் பல, நரம்பு செல்கள் சந்திக்கும் சினாப்ஸ் என்னும் இடத்தில் வேலை செய்கின்றன. சாங்க்3 என்ற மரபணு தரும் புரதம், செய்தியைப் பெறும் பக்கத்து ஏற்பிகளை அதனதன் இடத்தில் பிடித்துவைக்கிறது. அதன் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே செய்திப் பரிமாற்றம் தடுமாறும். நரம்புகளைத் தூண்டும் சமிக்ஞைக்கும் அடக்கும் சமிக்ஞைக்கும் இடையிலான சமநிலை குலைகிறது என்பது வலுவான கருதுகோள்களில் ஒன்று. உதாரணமாக, மீன் ஏலக்கூடத்தில் நாம் ஏலம் கூறுபவரின் குரலை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். ஐஸ் உடைக்கும் சத்தமும் படகு எஞ்சினும் தாமாகவே பின்னுக்குப் போகின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு அவையெல்லாம் ஒரே உரப்பில் வந்து விழுவதால், காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். அது அடம் அல்ல.

ஆட்டிசத்தோடு தொடர்புள்ள மரபணுக்களில் பல, கர்ப்பத்தின் நடுமாதங்களிலேயே சிசுவின் மூளையின் வெளி அடுக்கான புறணியில் மும்முரமாக இயங்குகின்றன. ஆகவே கைபேசியால் ஆட்டிசம் வந்தது என்ற பேச்சுக்கு இடமில்லை. பிறந்த பிறகும் மூளை இணைப்புகள் முதல் சில ஆண்டுகளில் வேகமாக மாறுவதால், பேச்சுப் பயிற்சி அந்த வயதில் தொடங்குவது பயன் தருகிறது. ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளைக்கு, முதலில் காது கேட்கிறதா என்றுதான் சோதிப்பார்கள்.