கோட்டை ஓரத்து வீடும் நூறு மீட்டர் விதியும்

கன்னியாகுமரியிலிருந்து அஞ்சுகிராமம் போகும் பக்கம், கடலுக்குள் மூக்கை நீட்டி நிற்கிறது வட்டக்கோட்டை. பெயரில்தான் வட்டம், கோட்டை நாற்கோணம். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவராகி இதைப் பலப்படுத்திக் கட்டினார். கருங்கல்லில் செதுக்கிய மீன் இன்றும் கைக்குத் தட்டுப்படும். இப்போது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

இப்படிப்பட்ட சின்னத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களிடம் ஒரு பயம் உண்டு: "ஓடு மாற்றக்கூட விடமாட்டார்கள்." அது சரியல்ல. 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம், 2010 திருத்தத்துக்குப் பிறகு, சொல்வது இதுதான்.

பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் தடைப்பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. அளப்பது பாதுகாப்பு எல்லையிலிருந்து. சுவரிலிருந்து கயிறு பிடித்து அளந்துவிட்டு "நான் வெளியேதான் இருக்கிறேன்" என்று நம்பிவிடாதீர்கள். எல்லை சுவரைத் தாண்டியும் இருக்கலாம்.

தடைப்பகுதியில் புதிதாக வீடு கட்ட முடியாது. ஆனால் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடு என்றால், அல்லது அதற்குப் பிறகு முறையான ஒப்புதலோடு கட்டியது என்றால், பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்கலாம். ஒழுகும் கூரை, வெடித்த சுவர் எல்லாம் இதில் அடங்கும். பலர் தடுக்கி விழுவது அடுத்த படியில்தான்: பழைய வீட்டை இடித்துவிட்டு அதே நீள அகல உயரத்தில் மறுபடி எழுப்புவது பழுதுபார்ப்பு ஆகாது. அதைச் சட்டம் மறுகட்டுமானம் என்கிறது, தடைப்பகுதியில் அதற்கு இடமில்லை. வேலையை ஆரம்பித்த பிறகு கொத்தனார் "மொத்தமாக இடித்துவிடலாமே" என்றால் கேட்காதீர்கள். ஒழுங்குமுறைப் பகுதியில் மறுகட்டுமானம், புதுக் கட்டடம் இரண்டுக்கும் அனுமதி கேட்கலாம்.

விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். இந்த அனுமதிகளுக்கென்றே நியமிக்கப்பட்ட 'தகுதிவாய்ந்த அதிகாரி' அதை 15 நாளில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். அது வந்து ஒரு மாதத்துக்குள் உங்களுக்குப் பதில் வர வேண்டும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன் கூரை வேலை முடிய வேண்டுமானால், கோடையிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும். 1992-க்கு முந்தைய வீட்டுவரி ரசீது, மின் இணைப்புக் காகிதம், பத்திரம் ஏதாவது இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். வீடு எப்போதிலிருந்து இருக்கிறது என்று காட்ட அதுதான் கைகொடுக்கும்.

அனுமதியில்லாமல் கட்டினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பார்க்க வருகிறவர்களுக்கும் இது தெரிய வேண்டும்: அந்த மீனுக்குப் பக்கத்தில் சாவியால் பெயரைக் கீறினாலும் அதே அளவு தண்டனைக்கு வழி உண்டு.

கடலோரம் என்பதால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் தனியாகப் பொருந்தும். தொல்லியல் அனுமதி கையில் இருப்பதால் அது தேவையில்லை என்று ஆகிவிடாது. மனை வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டையும் விசாரித்துவிடுங்கள்.