பிக்கார்டு: சொல்லும் தகடும்

‘பிக்கார்டு’ என்று தமிழில் எழுதியவுடனேயே ஒரு சிக்கல் வந்துவிடுகிறது. ஏ.டி.எம். கார்டும் ரயில் கார்டும் நம் எழுத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. கிதார் பழகாத ஒருவர் இதைப் படித்தால் ஏதோ அட்டை என்றே நினைப்பார். இங்கே இருப்பது ரயில் கார்டில் உள்ள கார்டு. காவல் என்று பொருள், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். ‘பிக்’ என்பது தந்தியை மீட்டும் சிறு வில்லை. அந்த வில்லை கிதாரின் உடலைக் கீறிவிடாமல் காக்கும் தகடுதான் பிக்கார்டு. பிக்கப்பைக் காக்கும் தகடு என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அது தவறு. மின்கிதாரில் தந்தியின் அதிர்வை எடுத்துக்கொள்ளும் கருவி என்பதால் அது பிக்கப். அந்த ‘பிக்’ வேறு.

இதே பொருளுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுவது அழகான விஷயம். அமெரிக்கர்கள் கீறும் வில்லையை வைத்துப் பெயரிட்டார்கள். பிரிட்டனில் கீறலையே பெயராக்கி ஸ்கிராட்ச்பிளேட் என்கிறார்கள். ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசைக்கான கிதாரில் விரலால் முகப்பைத் தட்டித் தாளம் போடுவார்கள். அந்தத் தட்டலைத் தாங்குவதால் ஸ்பானிய மொழியில் அதன் பெயர் கோல்பெயடோர். ‘கோல்பே’ என்றால் அடி.

தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிதாருக்கு வந்தால் பெயர் கொஞ்சம் தடுமாறுகிறது. பேஸ் வாசிப்பவர்களில் நிறையப் பேர் வில்லையைத் தொடுவதே இல்லை, விரலால்தான் மீட்டுகிறார்கள். அப்புறம் எதற்கு இந்தத் தகடு? ஃபெண்டர் நிறுவனத்தின் பிரெசிஷன் பேஸ் 1951இல் வந்தது. 1957இல் அதன் வடிவத்தை மாற்றியபோது வால்யூம், டோன் குமிழ்கள், ஒயர் செருகும் ஜாக் எல்லாவற்றையும் தகட்டின் மேலேயே பொருத்திவிட்டார்கள். மரத்தில் குடைந்த பள்ளத்துக்கு மூடியும் அதுதான். அந்தத் தகட்டைக் கழற்றினால் குமிழ்களுக்கு நிற்க இடமில்லை. அதே நிறுவனத்திடமிருந்து 1960இல் வந்த ஜாஸ் பேஸில் குமிழ்கள் தனி உலோகத் தகட்டில் இருக்கின்றன. அதில் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டும் வாசிக்கலாம். பெயர் ஒன்று, வேலை வேறு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘காப்புத் தகடு’ முதலில் நாவில் வரும். ஆனால் காப்பு கட்டுவதும் மந்திரத் தகடும் நம்மிடம் இருப்பதால் அது தாயத்துப் போல ஒலிக்கிறது. ‘மீட்டுக்காப்பு’ என்றால் எதையோ மீட்டுக் காப்பாற்றியதாகத் தோன்றும். ‘கீறல்காப்பு’ சுருக்கமாக இருந்தாலும், மெய்க்காப்பு மெய்யைக் காப்பதுபோல இது கீறலையே காப்பதாக ஆகிவிடும். பழைய யாழுக்குப் போகலாமா? யாழின் குடமான பத்தரின் மேல் போர்த்திய தோலைச் சங்க நூலான பொருநராற்றுப்படை ‘போர்வை’ என்கிறது. ஆனால் அந்தத் தோல் இசைக்கருவியின் உறுப்பு, காவலுக்கு வைத்ததல்ல. என் தேர்வு ‘கீறல்தடுப்புத் தகடு’. நீளம்தான், ஆனால் ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு ‘தகடு’ என்றாலே போதும். 1957இன் பிரெசிஷன் தகடு பொன்னிற அலுமினியத்தால் ஆனது, அதற்கும் இந்தச் சொல் அப்படியே பொருந்தும்.

1959 வாக்கில் அலுமினியம் போய் ஆமையோட்டு நிறத் தகடு வந்தது. அது உண்மையான ஓடு அல்ல, செல்லுலாய்டு. அது போலி செய்த ஓடு கடலில் வாழும் அழுங்காமையுடையது. ஆங்கிலத்தில் நிலத்து ஆமையின் பெயரைச் சொல்கிறார்கள், தமிழில் ஆமை இரண்டுக்கும் பொது என்பதால் நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. செல்லுலாய்டில் கற்பூரம் கலந்திருக்கும். பல ஆண்டுகளில் அது ஆவியாகப் போகப் போகத் தகடு சுருங்கி, ஓரம் தூக்கி, திருகாணித் துளைகளில் வெடிக்கிறது. பழைய தகட்டுக்கு மாற்று தேடுவோர் பலருக்கும் காரணம் இதுதான்.

தேடும்போது மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பிரெசிஷனில் 1957 வகைத் தகட்டுக்குப் பத்துத் திருகாணித் துளை, பின்னால் வந்த வகைக்குப் பதின்மூன்று. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் வேறு தொழிற்சாலையில் செய்த கிதாரில் ஒரு துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். கழுத்து நுழையும் வளைவும் ஒத்துப்போக வேண்டும்.

பொருந்துவது கிடைக்கவில்லை என்றால் செய்துகொள்ளலாம். பழைய தகடு கையில் இருந்தால் அதுவே அச்சு. தொலைந்துவிட்டதா? கிதாரின் மேல் வெள்ளைத்தாளை விரித்து ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். ஆணித் துளைகளும் பள்ளத்தின் விளிம்பும் தாளில் தெளிவாக எழும்பும். முதலில் மெல்லிய பலகையில் வெட்டி வைத்துப் பாருங்கள், பிறகே பிளாஸ்டிக்கைத் தொடுங்கள். வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மூன்று அடுக்காக வரும் ஷீட் சுமார் 2.3 மி.மீ. தடிமன். அச்சை அதன்மேல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, நுனியில் பேரிங் உள்ள பிட்டை (வெட்டும் அலகை) ரௌட்டர் என்னும் மரவேலை வெட்டும் கருவியில் போட்டு ஓட்டினால் அதே வடிவம் வந்துவிடும். ஓரத்தைச் சாய்த்துச் சீவும்போதுதான் நடுவில் இருக்கும் கறுப்பு அடுக்கு கோடாகத் தெரியும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த நிமிடம் அது. பழைய செல்லுலாய்டை மட்டும் இப்படி வெட்டாதீர்கள், சூட்டில் எளிதாகத் தீப்பிடிக்கும்.

திருகாணித் துளைகளுக்குச் சாய்வாகக் குழி போட மறந்தால் ஆணித்தலை துருத்திக்கொண்டு விரலைக் கீறும். யாழின் ஆணிகளை வளைக்குள் வாழும் நண்டின் கண்ணோடு ஒப்பிடுகிறது அதே பொருநராற்றுப்படை, துளையின் வாய் தூர்ந்துபோகும்படி இறுகிய ஆணியாம். தகட்டில் ஒவ்வொரு ஆணியும் அப்படித்தான் அமர வேண்டும், துளை நிறைய, விளிம்புக்குச் சமமாக.