கெரில்லா: தமிழில் கரந்தடி

'கொரில்லாப் போர்' என்று இன்னமும் பலர் எழுதுகிறார்கள். கொரில்லா என்பது ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் வாலில்லாக் குரங்கு. அதற்கும் போருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. நாம் சொல்ல வருவது கெரில்லா.

இது ஸ்பானியச் சொல். அந்த மொழியில் 'கெர்ரா' என்றால் போர். கெரில்லா என்றால் சிறுபோர். 1808இல் நெப்போலியனின் படைகள் ஸ்பெயினைப் பிடித்தபோது, அந்நாட்டு மக்கள் சிறு கூட்டங்களாக மலைகளில் பதுங்கித் திடீரென்று தாக்கிவிட்டு மறைந்தார்கள். அப்போதுதான் சொல் வெளியுலகுக்குப் பரவியது. அப்புறம் சண்டையிடும் ஆளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

தமிழில் இதற்குக் கரந்தடி என்ற அருமையான சொல் இருக்கிறது. கரத்தல் என்றால் மறைதல், மறைத்தல். 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்று பள்ளியில் படித்தோமே, அந்தக் 'கரவா'வில் உள்ள வேர்தான் இது. கரந்து நின்று அடிப்பது கரந்தடி. (ஆநிரை மீட்கும் கரந்தைத் திணை வேறு, அது பூவின் பெயரால் வந்தது.) இலங்கைத் தமிழர் எழுத்தில் இச்சொல் நன்றாகவே புழங்குகிறது. நம் மலேசியத் தமிழில்தான் ஏனோ வேர் பிடிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்தப் போரை நம் தோட்டங்கள் நேரில் கண்டிருக்கின்றன.

1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டுக்குள் இருந்து ஆங்கிலேய அரசை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்டுகள் சோற்றுக்குக் காட்டோர மக்களைத்தான் நம்பியிருந்தார்கள். அந்த வழியை அடைக்க அரசு சுமார் ஐந்து லட்சம் பேரை வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குக் குடிபெயர்த்தது. அரிசிக்கு அளவு வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்களை வேலி வாசலில் சோதனை போட்டார்கள். கடையில் உணவு டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே அதில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த டின்னைக் காட்டில் பதுக்கி வைக்க முடியாது அல்லவா? கரந்தடிப் போரை இப்படித்தான் பட்டினி போட்டு ஒடுக்கினார்கள்.

அதே ஆட்களுக்கு எத்தனை பெயர்! தங்களை விடுதலைப் படை என்றார்கள். ஆங்கிலேய அரசு முதலில் கொள்ளையர் என்றது. 1952 முதல் கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகள் என்றது. கோலாலம்பூர் தேசிய நினைவுச் சின்னத்தில் ஏழு வெண்கலச் சிலைகள் உள்ளன. ஐவர் வெற்றி வீரர்கள், காலடியில் வீழ்ந்து கிடக்கும் இருவர் எதிரிகள், அதாவது அந்தக் கம்யூனிஸ்டுகள். 1975 ஆகஸ்டில் அந்தச் சின்னத்துக்கே குண்டு வைத்துச் சேதப்படுத்தினார்கள்.

பொதுமக்களை நடுங்க வைத்துக் காரியம் சாதிப்பது பயங்கரவாதம். கரந்தடி என்பது போரிடும் முறையை மட்டும் சொல்கிறது. செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரே குழு இரண்டையும் செய்யக்கூடும். அப்போதும் எந்தச் செயலுக்கு எந்தச் சொல் என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். படைமுகாம் மீது பதுங்கித் தாக்கினால் கரந்தடித் தாக்குதல். சந்தையில் குண்டு வைத்தால் பயங்கரவாதம். ஆளைக் குறிக்கக் கரந்தடி வீரர், கூட்டத்தைக் குறிக்கக் கரந்தடிப்படை என்று தாராளமாக எழுதலாம்.